டிராயிங் வராது, மாடல் மட்டும்தான் வரும் என்கிறார்கள்: சின்னப் பட்டறைகள் என்ன செய்யலாம்?

மேட்டுப்பாளையம்_விஎம்சி

புதுச்சேரி, கடலூர் பக்கம் ஜாப் வொர்க் எடுப்பவர்கள் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும். எங்கள் பட்டறை புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருக்கிறது. விஎம்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் மில்லிங் மெஷின்), சிஎன்சி லேத், கொஞ்சம் சாதா மில்லிங். பம்ப் ஹவுசிங், வால்வு பாடி, பிராக்கெட் என்று வேலை ஓடுகிறது.

எங்கள் வாடிக்கையாளர்களில் பெரியவர் ஒருவர் மெயில் போட்டிருக்கிறார். அடுத்த நிதியாண்டு முதல் பிடிஎஃப் டிராயிங் கிடையாதாம். முப்பரிமாண மாடல் மட்டும் வரும். அளவு, டாலரன்ஸ் (அளவு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு), சர்ஃபேஸ் ஃபினிஷ், மரை விவரம் எல்லாம் அந்த மாடல் மேலேயே குறித்திருக்கும். ஸ்டெப் ஏபி242 ஃபைல் (மென்பொருள்களுக்கிடையே மாடலைக் கொண்டுபோகும் பொது வடிவம்) என்று எழுதியிருக்கிறார்கள்.

இதுவரை இரண்டும் வந்தன. கேம் (மாடலிலிருந்து மெஷினுக்கு ப்ரோகிராம் எடுக்கும் மென்பொருள்) பார்ப்பவர் மாடலை வைத்து ப்ரோகிராம் போடுவார், மெஷினைத் தயார்செய்யும் செட்டரும் குவாலிட்டியும் டிராயிங்கை வைத்து வேலை செய்வார்கள். ஒரு ஹவுசிங்கில் மாடலில் துளையின் ஆழம் 22, டிராயிங்கில் 24. மாடல்படி ஓட்டிய லாட் முழுவதும் திரும்பி வந்தது. டிராயிங்தான் செல்லும் என்றார்கள், செலவு எங்கள் தலையில் விழுந்தது. அதனால் இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஒன்று மாடலாக இருந்தால் மெஷினில் நிற்கும் ஆள் எதைப் பார்த்து வேலை செய்வார்? சாஃப்ட்வேர் லைசென்ஸுக்கு எவ்வளவு கொட்ட வேண்டும்? நாளைக்குச் சண்டை வந்தால் எதைக் காட்டிப் பேசுவது?

அளவுக்கூடம்

நான் சிஎம்எம்மில் (செய்த பாகத்தைத் தொட்டு அளக்கும் மெஷின்) இன்ஸ்பெக்ஷன் பார்க்கிறவன். மாடலுக்கு மாறுவதை மனதார வரவேற்கிறேன். ஆனால் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். "மாடல் மேல் குறித்திருக்கும்" என்பதில் இரண்டு வகை உண்டு.

ஒரு வகையில் டாலரன்ஸ் வெறும் படமாக இருக்கும். கோடும் எழுத்தும் மாடலைச் சுற்றி மிதக்கும், கண்ணால் படிக்கலாம், அவ்வளவுதான். இன்னொரு வகையில் அந்தக் குறிப்பு குறிப்பிட்ட முகத்தோடு, துளையோடு தரவாகவே கட்டப்பட்டிருக்கும். பொசிஷன் 0.1 (துளை இருக்க வேண்டிய இடத்துக்கான டாலரன்ஸ்), டேட்டம் ஏ, பி, சி (அளவுகளுக்கு ஆதாரமான முகங்கள்) என்பதை மென்பொருளே புரிந்துகொள்ளும். அதைத் தொட்டால் எந்தத் துளைகளுக்கு அது பொருந்துகிறதோ அவை நிறம் மாறும். இந்த இரண்டாவது வகைதான் நமக்கு லாபம். முதல் வகை வந்தால் பேப்பரில் இருந்ததைத் திரையில் படிக்கிறோம், வேறு மாற்றம் இல்லை.

இப்போது எங்கள் வேலை எப்படி நடக்கிறது? டிராயிங் வரும். ஒவ்வொரு அளவுக்கும் பலூன் என்ற சின்ன வட்டம் போட்டு எண் கொடுப்போம். அதை எக்செலில் கையால் ஏற்றுவோம். அப்புறம் அதே எண்களை சிஎம்எம் ப்ரோகிராமில் திரும்பவும் ஏற்றுவோம். ஒரே எண்ணை மூன்று இடத்தில் மூன்று பேர் எழுதுகிறார்கள். 0.05 எங்காவது 0.5 ஆகிவிட்டால் பழுதான ஜாப் (பாகம்) பாஸ் ஆகிவிடும். குறிப்பு தரவாக வந்தால் பலூன் பட்டியலும் அளக்கும் ப்ரோகிராமின் பெரும்பகுதியும் அதிலிருந்தே எடுக்கலாம். அளந்த முடிவை அதே மாடலோடு கட்டித் திருப்பி அனுப்பவும் க்யூஐஎஃப் என்ற வடிவம் இருக்கிறது, 2020இல் ஐஎஸ்ஓ 23952 ஆக வந்தது.

ஏபி242 என்று எழுதிக் கேட்பதற்கும் காரணம் உண்டு. பழைய ஏபி203, ஏபி214 ஃபைல்களில் நடைமுறையில் நமக்குக் கிடைத்தது பெரும்பாலும் வடிவம்தான். அவை இரண்டையும் சேர்த்து, டாலரன்ஸையும் தரவாகவே சுமக்கும்படி 2014இல் வந்தது ஏபி242. ஆனால் ஃபைல் பெயரில் ஏபி242 என்று இருப்பதாலேயே உள்ளே தரவு இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். திறந்து, தொட்டுப் பாருங்கள்.

பழைய டிராயிங் போர்டு

தம்பி சொல்வதெல்லாம் அளக்கிற இடத்துக்குச் சரி. செய்கிற இடத்தைப் பற்றி நான் கொஞ்சம் பேச வேண்டும்.

ட்ரேசிங் ஷீட்டில் மை பேனாவால் வரைந்து, அமோனியா பிரிண்ட் எடுத்துக் கொடுத்த காலத்திலிருந்து இந்த வேலையில் இருந்தவன் நான். நல்ல டிராயிங் என்பது அளவுகளின் குவியல் அல்ல. எந்தப் பக்கத்தை முன்காட்சியாக வைப்பது, எங்கே வெட்டிக் காட்டுவது, எந்த அளவை எங்கிருந்து தொடங்குவது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருப்பார். அந்த முடிவில்தான் அந்த ஜாப் எங்கே போய் எதோடு பொருந்தப்போகிறது என்ற அறிவு இருக்கிறது. ஒரு ஃபிட்டர் தாளை விரித்து ஒரு நிமிடம் நின்று பார்த்தால் ஜாப் முழுவதும் மனதுக்குள் வந்துவிடும். மாடலை எடுத்துக்கொண்டால் இந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பக்கம் திருப்பு, குறிப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். பின்பக்கத்தில் ஒரு குறிப்பு இருப்பதே தெரியாமல் போகும்.

இன்னொன்று. மாடல்தான் மூலம் என்று வந்தால் எல்லா அளவையும் எழுத வேண்டியதில்லை, வேண்டியதை மாடலில் கிளிக் செய்து அளந்துகொள் என்று விட்டுவிடுகிறார்கள். அப்போது "இந்த அளவு முக்கியம், இது சும்மா" என்று சொல்கிற ஆள் யார்? வரைபவர் யோசிக்க வேண்டிய கட்டாயமே போய்விடுகிறது.

திருபுவனை_டிசைன்

சார், நான் டிசைன் பக்கம் இருக்கிறேன். நீங்கள் சொன்ன குறை உண்மையான குறைதான், நான் பார்த்த பல மாடல்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் அது மாடலின் இயல்பு அல்ல, செய்தவரின் அரைகுறை வேலை. அமெரிக்காவில் ஏஎஸ்எம்இ ஒய்14.41 என்ற தரநிலை 2003இலும், ஐஎஸ்ஓ 16792 என்பது 2006இலும் வந்துவிட்டன. இரண்டிலும் காட்சிகளைப் பெயர் கொடுத்துச் சேமித்து வைக்கும் முறை உண்டு. முன்காட்சி, வெட்டுக்காட்சி, துளை வரிசை மட்டும் தெரியும் காட்சி என்று வடிவமைப்பாளரே பிரித்து வைக்கலாம். ஒரு காட்சியைத் திறந்தால் அதற்குரிய குறிப்புகள் மட்டும் தெரியும். வாடிக்கையாளரிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் உட்கார்ந்து செய்து தரமாட்டார்கள்.

எழுதாத அளவுகள் விஷயத்துக்கு வருகிறேன். நம்ம பக்கம் டைட்டில் பிளாக்கில் 2768-எம்கே (எழுதாத அளவுகளுக்கான ஐஎஸ்ஓ பொது டாலரன்ஸ்) என்று போட்டால் போதும் என்றே பழகிவிட்டோம். அந்த "கே" வருகிற இரண்டாம் பகுதியை ஐஎஸ்ஓ விலக்கிவிட்டு, 2021இல் 22081 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. அதில் பொதுவான வடிவ டாலரன்ஸ் என்பது ஒரு டேட்டம் அமைப்பை வைத்து, பரப்பு முழுவதற்கும் ப்ரொஃபைலாக (பரப்பு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பாக) சொல்லப்படுகிறது. மாடலை மூலமாக வைப்பவர்களுக்கு இது இயல்பாகப் பொருந்தும். ஆனால் அந்த டேட்டங்கள் தவறாக இருந்தால் எழுதாத அளவுகள் அத்தனையும் சேர்ந்து தவறும். ஆகவே யோசிக்கிற கட்டாயம் போய்விடவில்லை சார், கூடியிருக்கிறது.

அப்புறம் எந்தத் தரநிலையின்படி படிக்க வேண்டும் என்பது மாடலுக்குள் இருந்தே ஆக வேண்டும். ஒரு பின்னின் விட்டத்துக்கு மட்டும் டாலரன்ஸ் கொடுத்திருக்கிறது என்று வையுங்கள். ஏஎஸ்எம்இ ஒய்14.5இன் முதல் விதிப்படி அந்த எல்லைக்குள் அதன் நேர்கோட்டுத்தன்மையும் (வளையாமல் நேராக இருப்பது) அடங்கிவிடும். ஐஎஸ்ஓ 8015இன்படி தனியாகச் சொன்னால் ஒழிய அடங்காது. அதாவது ஒரே ஃபைலை வைத்து ஒருவர் பின்னை ஓகே செய்வார், மற்றவர் ரிஜெக்ட் செய்வார். பேப்பரில் இது டைட்டில் பிளாக்கில் ஒரு மூலையில் இருந்தது. மாடலில் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சேதராப்பட்டு_செட்டர்

மெஷினில் நிற்பவன் பேசுகிறேன். கூலன்ட் நனைந்த கையோடு டேப்லெட்டைத் தொட்டுத் திருப்ப முடியாது. தாளை மெஷின் கதவில் ஒட்டிவிட்டால் ஷிஃப்ட் முழுவதும் கண் முன்னால் இருக்கும். முடித்த அளவுக்குப் பேனாவால் டிக் அடிப்போம், அடுத்த ஷிஃப்ட் ஆளுக்கு அதிலேயே எழுதி வைப்போம். அதை எடுத்துவிட்டு வேலை செய்யச் சொன்னால் தவறு கூடும்.

25 எச்7 (25 மிமீ விட்டம், எச்7 என்பது டாலரன்ஸ் குறி) துளையையே எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி 25.000 முதல் 25.021 வரை. மாடலில் துளை 25.000 என்றுதான் இருக்கும். கேமில் இருந்து வருகிற ப்ரோகிராம் அந்த 25.000த்தைக் குறிவைத்து ஓடும், அதாவது கீழ் எல்லையில் போய் நிற்கும். டூல் கொஞ்சம் தேய்ந்தாலும் துளை சிறிதாகி சோதிக்கும் கேஜ் உள்ளே போகாது. நாங்கள் டிராயிங்கில் எச்7 என்று பார்த்து, ஆஃப்செட் (மெஷினில் ஏற்றும் திருத்த எண்) கொடுத்து நடுவுக்கு, 25.010 பக்கம், கொண்டுவருவோம். மாடலை மட்டும் பார்த்தால் இந்த விஷயம் தெரியாது. குறிப்பு எங்கள் கண்ணில் பட வேண்டும்.

அளவுக்கூடம்

செட்டர் அண்ணா சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான பாயின்ட். அதைத்தான் நானும் சொல்கிறேன்: டாலரன்ஸ் தரவாக வந்தால் கேம் மென்பொருளே அதைப் படித்து நடு அளவுக்கு நகர்த்திக்கொள்ள வாய்ப்பு உண்டு, சில மென்பொருள்களில் அந்த வசதி இருக்கிறது. உங்கள் அனுபவத்தை அது தள்ளிவைக்காது, தேய்மானத்துக்கு ஆஃப்செட் கொடுப்பது எப்போதும் உங்கள் கையில்தான்.

குடிகாடு_ஃபேப்ரிகேட்டர்

கடலூர் சிப்காட் பக்கத்திலிருந்து ஒரு வேறு மாதிரியான நிலவரம். நாங்கள் கெமிக்கல் பிளான்ட்டுகளுக்கு பைப்பிங், டேங்க், பராமரிப்பு வேலை செய்கிறோம். தீப்பிடிக்கும் ஆவி வரக்கூடிய பகுதிக்குள் சாதாரண ஃபோனையோ டேப்லெட்டையோ கொண்டுபோக விடமாட்டார்கள், விடவும் கூடாது. அதற்கென்று பாதுகாப்புச் சான்று பெற்ற டேப்லெட் உண்டு, அதன் விலை எங்களைப் போன்ற கான்ட்ராக்டருக்குக் கட்டாது. பைப் போகும் வழியைக் காட்டும் ஐசோமெட்ரிக் தாளைச் சட்டையில் மடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெல்டுக்கும் எண்ணும் வெல்டர் அடையாளமும் எழுதி, பைப் எங்கே திரும்பியதோ அதைச் சிவப்பு மையால் திருத்தி வெளியே கொண்டுவருகிறோம். அந்தச் சிவப்பு மைதான் பிளான்ட்டின் உண்மை நிலை.

பிளான்ட்டை முப்பரிமாணத்தில் வடிவமைக்கிறார்கள், நல்லது. ஆனால் சிவப்புத் திருத்தங்கள் திரும்பி மாடலுக்குள் போவதே இல்லை. சில வருடத்தில் மாடல் ஒன்று சொல்லும், பிளான்ட் வேறாக இருக்கும். மாடல்தான் மூலம் என்று சொல்பவர்கள், அதைத் தினமும் உண்மையாக வைத்திருக்க ஒரு ஆளைப் போட வேண்டும். இதை யாரும் பேசக் காணோம்.

மேட்டுப்பாளையம்_விஎம்சி

ஃபேப்ரிகேட்டர் சார், உங்கள் இடத்தில் பேப்பரை விடவே முடியாது என்பது புரிகிறது. எங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் புயல் என்று ஒன்று இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது ஷெட்டுக்குள் தண்ணீர் வந்து, கீழ் அலமாரியில் இருந்த டிராயிங் ஃபைல்கள் கூழாகிவிட்டன. மேலே இருந்த கம்ப்யூட்டர் தப்பித்தது, ஆனால் கரன்ட் வரும்வரை அதைத் திறக்க முடியவில்லை. இரண்டிலும் ஒரு பலவீனம் இருக்கத்தான் செய்கிறது.

வாத்தியார்_லாஸ்பேட்டை

பாலிடெக்னிக்கில் மெஷின் டிராயிங் எடுப்பவன். மாடலுக்கு ஆதரவாக நான் ஒன்று சொல்கிறேன். இந்தியாவில் நாம் முதல் கோண முறையில் வரைகிறோம், அமெரிக்க டிராயிங் மூன்றாம் கோண முறையில் வரும்; பக்கக்காட்சியை வைக்கும் இடம் இரண்டிலும் எதிரெதிர். சின்னத்தைக் கவனிக்காமல் படித்தால் வலது பிராக்கெட் இடது பிராக்கெட்டாகிவிடும். அனுபவசாலிகளிடமே இது நடக்கிறது. மாடலில் இந்தத் தவறுக்கு இடமே கிடையாது.

ஆனால் வெறும் மாடல் வந்ததால் டாலரன்ஸ் அறிவு வந்துவிடாது. பையன்கள் சாலிட்வொர்க்ஸில் அழகாக மாடல் போடுகிறார்கள். பொசிஷன் டாலரன்ஸ் ஏன் வட்டமாக இருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். எக்ஸ், ஒய் இரண்டிலும் ±0.1 கொடுத்தால் துளையின் மையம் 0.2க்கு 0.2 சதுரத்துக்குள் இருக்கலாம். அந்தச் சதுரத்தின் மூலை, மையத்திலிருந்து 0.141 தள்ளி இருக்கிறது. மூலையில் இருக்கும் துளை பொருந்தும் என்றால், அதே 0.141 தூரத்தில் எந்தத் திசையில் இருந்தாலும் பொருந்தத்தான் வேண்டும். அதனால் 0.283 விட்டமுள்ள வட்டத்தையே அனுமதிக்கலாம். பரப்பில் அது சதுரத்தைவிட 57 சதவீதம் பெரியது. எத்தனை நல்ல ஜாப்களை நாம் சதுரத்தை வைத்து ரிஜெக்ட் செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஸ்காட்லாந்தில் டார்பிடோ தொழிற்சாலையில் வேலை பார்த்த ஸ்டான்லி பார்க்கர் கண்டுபிடித்துச் சொன்ன விஷயம் இது. இன்றும் பாதிப் பட்டறைகளுக்கு வந்து சேரவில்லை.

பழைய டிராயிங் போர்டு

வாத்தியார் சொன்னதற்கு நான் எழுந்து நின்று கைதட்டுகிறேன். பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள் சார். மாடலோ தாளோ, இது தெரியாதவன் கையில் இரண்டும் ஒன்றுதான்.

திருபுவனை_டிசைன்

ஃபைல் மாற்றும்போது வருகிற ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஏர்பஸ் ஏ380 கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஹாம்பர்க்கில் கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் வி4, துலூஸில் வி5. 2006இல் ஹாம்பர்க்கிலிருந்து வந்த விமானத்தின் வயர் கட்டுகள் துலூஸில் பொருந்தவில்லை, நீளம் போதவில்லை. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே மென்பொருள் பதிப்பு மாறியதில் விமானங்கள் தாமதமாயின. நமக்கு மட்டும் சும்மா விட்டுவிடுமா?

இதற்கு ஒரு எளிய காவல் இருக்கிறது. ஸ்டெப் ஃபைலுக்குள் மாடலின் கனஅளவு, பரப்பளவு, மையப்புள்ளி ஆகிய எண்களைச் சேர்த்து அனுப்பச் சொல்லலாம். நீங்கள் உங்கள் மென்பொருளில் திறந்து அதே மூன்றையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் வடிவம் சிதையாமல் வந்திருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் மெஷினில் ஏற்றாதீர்கள்.

லைசென்ஸ் செலவைக் கேட்டிருந்தீர்கள். பார்ப்பதற்கு மட்டும் என்றால் பெரிய செலவு தேவையில்லை. அமெரிக்கத் தரநிலை நிறுவனம் என்ஐஎஸ்டி, ஸ்டெப் ஃபைலைத் திறந்து குறிப்புகளைக் காட்டும் மென்பொருள் ஒன்றை இலவசமாகவே கொடுக்கிறது. உள்ளே இருப்பது படமா தரவா என்பதையும் அது பிரித்துக் காட்டும். வாடிக்கையாளர் முப்பரிமாண பிடிஎஃப் கொடுத்தால் கம்ப்யூட்டரில் இலவச அடோபி ரீடரிலேயே திருப்பிப் பார்க்கலாம், ஃபோனில் பெரும்பாலும் திறக்காது. கேமுக்கும் சிஎம்எம்முக்கும் தரவைப் படிக்கிற வசதிதான் காசு கேட்கும். அதை விலைப்புள்ளியில் சேர்த்துக் கேளுங்கள். வாடிக்கையாளர் டிராயிங் வரைகிற செலவை மிச்சப்படுத்துகிறார், அந்தச் சுமை முழுவதும் கீழே இருக்கிற பட்டறை மேல் இறங்குவது நியாயமில்லை.

அளவுக்கூடம்

சண்டை வந்தால் எதைக் காட்டுவது என்றீர்களே, அதற்கு பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி வேண்டும்: இந்தப் பெயர், இந்த ரிவிஷன் உள்ள மாடல்தான் மூலம், வேறு எந்தத் தாளும் பார்வைக்கு மட்டும். அந்த வரி இல்லாமல் ஆர்டரை ஏற்காதீர்கள். மாடல் பாதி, பிடிஎஃப் பாதி, மெயிலில் வந்த திருத்தம் கொஞ்சம் என்று மூன்று இடத்தில் மூலம் இருந்தால், 22, 24 கதை திரும்பவும் நடக்கும். நான் பேப்பருக்கு எதிரி அல்ல. மூலம் இரண்டாக இருப்பதற்குத்தான் எதிரி.

சேதராப்பட்டு_செட்டர்

அப்படியானால் எனக்குத் தாள் கிடைக்குமா, கிடைக்காதா?

திருபுவனை_டிசைன்

கிடைக்கும் அண்ணா, கிடைத்தே ஆக வேண்டும். வாடிக்கையாளரிடமிருந்து வராது, உங்கள் பட்டறையே மாடலிலிருந்து எடுத்துக் கொடுக்கும். முதல் செட்டப்புக்கு (ஜாப்பை மெஷினில் ஒரு முறை பிடிப்பது) ஒரு தாள், இரண்டாவது செட்டப்புக்கு ஒரு தாள். அந்த ஆபரேஷனில் நீங்கள் வெட்டுகிற அளவுகள் மட்டும், பெரிய எழுத்தில், எந்த முகத்தில் கிளாம்ப் பிடிப்பது என்ற குறிப்போடு. 25 எச்7க்குப் பக்கத்திலேயே 25.010 குறி என்று எழுதியிருக்கும். மேலே மாடல் பெயர், ரிவிஷன், அச்சிட்ட தேதி. ரிவிஷன் மாறினால் பழைய தாளைக் கிழித்துவிட வேண்டும். வாடிக்கையாளரின் பெரிய டிராயிங்கில் தேடிக்கொண்டிருப்பதைவிட இது உங்களுக்கு வசதியாகவே இருக்கும்.

இந்தத் தாளைப் போட டிராயிங் போர்டு சாரைப் போன்றவர்கள்தான் வேண்டும். எந்தக் காட்சியை வைப்பது, எதை விடுவது என்பது அவர்கள் கையில் இருக்கும் அறிவு. மாடல் வந்துவிட்டது என்று டிராஃப்ட்ஸ்மேனை வீட்டுக்கு அனுப்பிய நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஷாப்பில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாமல் நின்றார்கள். அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

குடிகாடு_ஃபேப்ரிகேட்டர்

அந்தத் தாளில் ஆபரேட்டர் பேனாவால் எழுதியதைக் கிழிக்கும் முன் யாராவது படிக்க ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் சிவப்பு மை மாதிரி அதுவும் காணாமல் போகக்கூடாது.

மேட்டுப்பாளையம்_விஎம்சி

எல்லாருக்கும் நன்றி. வாடிக்கையாளரின் இன்ஜினியரிங் பிரிவிடம் இன்று பேசினேன். டாலரன்ஸ் படமா தரவா என்று கேட்டதும் அவர்களே உள்ளே விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் மாடல்தான் மூலம் என்ற வரியைச் சேர்க்கச் சம்மதம். எந்தத் தரநிலை என்பதை மாடலில் குறிப்பாகப் போடுவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். சேமித்த காட்சிகளுக்கும் மென்பொருள் செலவுக்கும் இன்னும் பதில் இல்லை. புது வேலை தருவதற்கு முன்னால், நாங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒரு வால்வு பாடியை மட்டும் இந்த முறையில் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பழைய டிராயிங் கையில் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கனஅளவு, பரப்பளவு எண்களும் வேண்டும் என்று எழுதிவிட்டேன்.

டிராயிங் போர்டு சார், அந்த வால்வு பாடிக்கு முதல் செட்டப் தாளை நீங்கள் ஒரு தடவை போட்டுக் கொடுக்க முடியுமா? எங்கள் பையன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வான். கூலி கண்டிப்பாகத் தருவேன்.

பழைய டிராயிங் போர்டு

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் தம்பி. கம்ப்யூட்டரைப் பையன் ஓட்டட்டும், நான் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். ஃபிக்ஸ்சரில் ஜாப் உட்காரும் முகத்தை மட்டும் இன்றே ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள். மாடலில் டேட்டம் ஏ என்று அவர்கள் குறித்திருக்கும் முகமும் நீங்கள் பிடிக்கிற முகமும் ஒன்றா என்று தெரிந்தால்தான் தாளைத் தொடங்க முடியும். ஒன்றாக இல்லாவிட்டால் ஃபிக்ஸ்சரை மாற்றுவதா, அவர்களிடம் டேட்டத்தை மாற்றச் சொல்வதா என்பதை அளவுக்கூடம் தம்பியும் வந்து உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.